உன் பெயரில் படுத்திருப்பவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். எப்போதும் ஒப்புக்கு எழுதுகிற வரிதான், இன்று பயந்துகொண்டே எழுதுகிறேன். ஆலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, போனில் பேச வழியில்லை. வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சலவை ஆலையில் ஈரத்துணி வண்டி சரிந்து என் வீட்டுக்காரருக்குத் தலையில் அடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் பெயரில் படுத்திருக்கிறார். உன் குடியுரிமை அட்டையைக் காட்டித்தானே வேலையில் சேர்ந்தார்? அட்டை இல்லாதவர்களுக்கு அதே வேலைக்குப் பாதிச் சம்பளம், அதிலும் ஏஜெண்ட் கைவைப்பான். நாம் மூவரும் கூடிப் பேசித்தான் செய்தோம். உன் பெயருக்கு இங்கே நல்ல மரியாதை. ஒருநாளும் தாமதமாக வராத ஆள் என்று மேஸ்திரி பாராட்டினாராம். உன்னைத் தெரிந்தவர்கள் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

டாக்டர் வந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இவர் திரும்புவதில்லை. நான் குனிந்து இவருடைய சொந்தப் பெயரை மெல்லச் சொன்னால் உடனே கண்ணைத் திறக்கிறார். இதை நான் யாரிடம் சொல்ல முடியும்? “இதுதாங்க உங்க பேரு, கூப்பிட்டா தலையாட்டுங்க” என்று உன் பெயரைக் காதில் சொல்லிப் பார்த்தேன். அரை மயக்கத்தில், “மச்சானா? மச்சான் எங்க?” என்று முனகினார். நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு, புத்தி குழம்பிவிட்டது என்று எழுதிக்கொண்டாள்.

ஸ்கேனில் லேசாக ஏதோ தெரிகிறதாம். சொந்தப் பெயரே தெரியவில்லை என்பதால் காத்திருக்கக் கூடாது, நாளை காலை மண்டையைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஏஜெண்ட் அதற்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறான். “வாயைத் தொறந்தா ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துடும்மா” என்று அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணா, நான் வாயைத் திறக்கப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்க இதை எழுதவில்லை. விடிந்ததும், ஆபரேஷனுக்கு முன்பே, டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு உன் வீட்டுக்கும் ஆள் வரும். உன் வேலை போகும், அதற்கு மேலும் நடக்கலாம். இன்றே அண்ணியிடம் சொல்லிவிடு, பிள்ளைகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு. யார் கேட்டாலும் அட்டை திருட்டுப் போய்விட்டது என்று சொல். திருடியது யார் என்று கேட்டால் என்னைக் காட்டு. எனக்கு வருத்தமில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை