வெயிலில் மழைக்கோட்டோடு ஓடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நம்புகிறேன். கடிதம் கொண்டுவந்திருக்கும் லாரிக்கார அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படி. எதற்கு என்று கேட்காதே, வரும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே ‘சரிப்பா, சரிப்பா, பிராக்டிஸுக்கு நேரமாச்சு’ என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வாயடைக்க முடியாது, மேசையில் கவிழ்த்து வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, படி ஏறி இறங்குகிறாள். நம் பழைய சாமான் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையின் கூரையை மாற்றிவிட்டேன், இனி மழை வந்தால் அட்டைக் கட்டுகள் நனையாது. உன் மாமா உன் போட்டோவைப் பெரிதாக்கி எடைமேடைக்கு மேலே ஒட்டியிருக்கிறார், சரக்கு போட வருகிறவன் எல்லாம் எடையைப் பார்ப்பதை விட்டு உன் மூக்கைப் பார்க்கிறான். நீ போன மாதம் ஜெயித்ததிலிருந்து கடையில் வேலை நடக்கிறதோ இல்லையோ, குத்துச்சண்டை நடக்கிறது. உன் மாமா ‘கை நீளம்தான் எல்லாம்’ என்கிறார். இரும்பு வெட்டுகிறவர் ‘அடியில பலம் இருந்தா ஒரே அடி போதும், நீளமாம் நீளம்’ என்கிறார். உன் அம்மா இருவரையும் பார்த்து, ‘வயித்துக்குச் சாப்பிடாதவ எதை வெச்சு அடிப்பா, வெறுங்காத்தையா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று பேரில் அவள் சொன்னதுதான் எனக்குத் தைத்தது. உன் கன்னம் ஒட்டிப்போய்விட்டதென்று அவள் சொன்னபோது, போன் கேமரா அப்படித்தான் காட்டும் என்று நான்தான் சமாளித்தேன். அதற்குப் பிறகுதான் உன் ஊருக்குச் சரக்கு கொண்டுபோன லாரி திரும்பி வந்தது.

அம்மா அதில் கொடுத்தனுப்பிய பலகார டப்பாவை நீ வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாய். அதை மேசையில் வைத்துவிட்டு லாரிக்காரர் போகாமல் நின்றார். என்னப்பா என்றேன். ‘முதலாளி, பாப்பா உச்சி வெயில்ல மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஓடுது. கையில ஒரு பாட்டில், அதுல எச்சிலத் துப்பிக்கிட்டே ஓடுது. தண்ணி குடுத்தேன், வாயக் கொப்பளிச்சுத் துப்பிடுச்சு. அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லுச்சு’ என்றார். சொல்லாதே என்றுதானே சொன்னாள், பிறகு ஏன் சொல்கிறாய் என்று கேட்டேன். ‘அது சொல்லாதேன்னு சொல்லலைன்னா நான் பாட்டுக்கு மறந்திருப்பேன் முதலாளி’ என்றார். அவரைத் திட்டாதே. அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் நடக்கத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை.

இதோ ஒரு வண்டி அட்டை வந்தது, பார்த்துவிட்டு வந்தேன். ஒருவன் கட்டுக்கு நடுவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறான். எடை கூட்ட அவர்கள் செய்கிற வேலை இது. கையில் தூக்கினதுமே உள்ளே ஈரம் என்று தெரிந்துவிட்டது, பிரித்து வெயிலில் காய வைத்துவிட்டுக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இவன் தண்ணீர் ஊற்றித் தராசை ஏமாற்றுகிறான், என் மகள் எடை குறைய உடம்புத் தண்ணீரை வடித்துத் தராசை ஏமாற்றுகிறாள். அட்டை காய்ந்தால் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. நீ அட்டையா?

இனி நான் சொல்லப்போவதற்குக் கோபப்படாமல் படி. உன் இரண்டு மேட்ச் வீடியோவையும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சத்தம் இருந்தால் கூட்டம் கத்துகிற பக்கம் மனசு போய்விடும், சரக்கு தெரியாது. கையையும் பார்க்கவில்லை, உன் கால்களை மட்டும் பார்த்தேன். நீ பலத்தால் ஜெயிக்கிறவள் இல்லை, உன் கையும் அப்படி ஒன்றும் நீளமில்லை, உன் மாமாவிடம் சொல்லிவிடாதே. அடித்துவிட்டு அந்த இடத்தில் இல்லாமல் போய்விடுகிறாய், எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கவாட்டில் நிற்கிறாய். உன் கைமுதல் என்பது அந்தக் காலும் மூச்சும்தான். போன மாதம் எடையைக் குறைத்துக் கீழ்ப்பிரிவில் நின்று ஜெயித்தாயே, அதில் மூன்றாவது ரவுண்டில் உன் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அடி வருவது உனக்குத் தெரிகிறது, கண் அதைப் பார்க்கிறது, ஆனால் கால் நகரவில்லை, வாங்கிக்கொண்டு நிற்கிறாய். முதல் இரண்டு ரவுண்டில் சேர்த்து வைத்த புள்ளிகளால் தப்பித்தாய். அதற்கு உன் மாமா ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார், நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை. கைமுதலைத் தின்றுவிட்டு லாபம் என்று சொல்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன், வெளியே விளக்குப் போட்டு ஜோராகத்தான் இருக்கும்.

இதற்கு முன்னால் உன் சொந்த எடையில் அந்த நெட்டச்சியிடம் தோற்றாயே, அதையும் பார்த்தேன். நீதான் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். நல்ல சரக்கைக் குப்பையில் போட்டிருக்கிறாய். முதல் இரண்டு ரவுண்டு அவள் நீட்டின கைக்கு வெளியே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டாய். மூன்றாவதில் மூக்கில் ஒன்று வாங்கினாய், அதற்கு அடுத்த நொடி என்ன செய்தாய் தெரியுமா? பின்னால் போகவில்லை. தலையைத் தாழ்த்தி அவள் கைக்கு உள்ளே புகுந்துவிட்டாய். உள்ளே வந்தவளை என்ன செய்வது என்று அவ்வளவு நீளக் கைக்குத் தெரியவில்லை. மணி அடிக்கும்வரை பின்னால் போய்க்கொண்டிருந்தது அவள்தான், நீ இல்லை. பலம், நீளம், வேகம் எல்லாம் வேண்டியதுதான், ஆனால் என்னைக் கேட்டால் அடி வாங்கின அடுத்த நொடியில் ஒருத்தி என்ன செய்கிறாள் என்பதில்தான் மற்றதெல்லாம் வந்து நிற்கிறது. அந்த நொடிக்கு மூளையில் தெளிவும் காலில் உயிரும் வேண்டும். இரண்டையும்தான் நீ பாட்டிலில் துப்பிக்கொண்டிருக்கிறாய்.

எல்லாம் உன் கோச் செய்கிற வேலை என்று நினைத்து அவருக்குப் போன் போட்டேன். என் புத்தி எங்கே போகும், பேரம் பேசிவிட்டேன். ‘இவ்வளவு குறைக்க வேண்டாம் சார், பாதியில முடிச்சுக்கோங்க’ என்றேன். மனுஷர் சிரித்தார். ‘ஐயா, இது உங்க கடைத் தராசு இல்ல, கொஞ்சம் கூட இருந்தாலும் மேடை ஏற விடமாட்டாங்க’ என்றார். அதோடு நிற்கவில்லை, ‘குறைக்கச் சொன்னது நான் இல்லீங்க, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், உங்க பொண்ணுதான் பிடிவாதமா நிக்கிறா, அந்த உயரமான பொண்ணு மேல் பிரிவுல இருக்கால்ல’ என்றார். நான் அவரைத் திட்ட என்று வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

ஆக, நீ எடையைக் குறைக்கவில்லை மகளே, அவளிடமிருந்து ஓடுகிறாய். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய சந்தையில் அடி வாங்கினவன் சின்ன சந்தைக்குப் போவதை நான் தப்புச் சொல்லமாட்டேன், அதுவும் ஒரு வியாபாரம்தான். ஆனால் வழிச்செலவுக்குக் கடையையே விற்றுவிட்டுப் போகக் கூடாது. எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம், கோச் சொன்னார். முடிவு உன்னுடையது, மேடையில் நிற்பது நான் இல்லை. உன் மேட்ச் நடக்கிற நேரத்தில் நான் ஒரு நாளும் டிவி முன்னால்கூட உட்கார்ந்ததில்லை என்று உனக்குத் தெரியும், கொட்டகைக்குப் போய் மாமா வந்து சொல்லும்வரை செம்புக் கம்பி உரித்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை நானும் உன் அம்மாவும் நேரில் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. நெட்டச்சியிடம் நீ அடி வாங்கினால் அதைப் பார்க்கத் தயாராகத்தான் வருகிறேன். தோற்றால் மூவருமாக வெளியே வந்து வயிறு முட்டச் சாப்பிடுவோம், அதற்கு அம்மா இப்போதே பட்டியல் போடுகிறாள். ஆனால் யாரும் அடிக்காமலே நீ தள்ளாடுவதைப் பார்க்க என்னால் முடியாது. அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

கை கால் சுகத்தோடும் கண் தெளிவோடும் நீ நெடுநாள் இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்லச் சொல்கிறாள். மாமா, கையை இன்னும் கொஞ்சம் நீட்டி அடிக்கச் சொல்கிறார், காதில் போட்டுக்கொள்ளாதே. ராத்திரி சீக்கிரம் படு, ஈரத் தலையோடு படுக்காதே. டப்பா மறுபடி வந்திருக்கிறது, திருப்பி அனுப்பாதே. கடைசியாக, முதலில் சொன்ன அந்தத் தண்ணீர். பக்கத்திலேயே இருக்கிறதா? காலி டம்ளரைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், சரக்கு தாமதமானால் ஆகட்டும். பாவம், மனுஷர் காத்திருக்கிறார். குடி.

இப்படிக்கு,
வாசலுக்கும் எடைமேடைக்கும் நடந்துகொண்டிருக்கும்
உன் அப்பா