வடிகஞ்சி

12 ஆகஸ்ட் 2011, வெள்ளி

வெந்தது இடது கை. அதனால் எழுத முடிகிறது.

நேற்று என் மனைவி செல்வி வடிகஞ்சியை என் மேல் ஊற்றினாள். இது முதல் தடவை இல்லை. ஆனால் இந்த முறை மறைக்க முடியவில்லை. காலை ஷிப்டில் கைக்கட்டைப் பார்த்ததும் சூப்பர்வைசர் பதறிவிட்டார். கம்பெனியில் விரல் கீறினாலே லைனை நிறுத்தி, எப்படி ஆச்சு என்று எழுதிக்கொள்வார்கள்.

"நம்ம லைன்ல பட்டது இல்லையே?"

வீட்டில் என்றேன். அவருக்கு மூச்சு வந்தது. அதோடு லைன் பக்கம் போய்விட்டார்.

ஷிப்ட் முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டு ஏட்டு சிரித்தார்.

"இன்னாய்யா, இவ்ளோ பெரிய மீசைய வச்சிக்கினு பொண்டாட்டிகிட்ட அடி வாங்கிக்கினு வந்து நிக்கிற? கம்பெனில பட்டுச்சுன்னு சொல்லு, ஈஎஸ்ஐ-ல மருந்தாவது குடுப்பாங்க."

பேனாவைத் தொடவே இல்லை.

பெஞ்சில் உதடு கிழிந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளிடம், "கட்ன புருசன்தானே, அனுசரிச்சிக்கினு போம்மா" என்றார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

பிறகு என் போனை வாங்கி, செல்வியையே கூப்பிட்டார்.

"உன் வூட்டுக்காரரு உம்மேல கம்ப்ளைன்ட் குடுக்க வந்துகிறாரு. பாத்து நடந்துக்கோமா."

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் வெகுநேரம் நின்றேன். வேறு போக்கிடம் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

செல்வி அடுப்பைப் பற்றவைத்தாள். "உட்காருங்க, சோறாக்குறேன்" என்றாள்.

உலை கொதிக்கும் சத்தம் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அரிசி வெந்த வாசனை வருகிறது. இனி வடிக்க வேண்டியதுதான்.