வுலானின் சட்டையும் உன் தீபாவளிப் போட்டோவும்

உ

சத்வா, துபாய்
19.12.2008

ஆசை மகள் நாகஜோதிக்கு உன் அப்பா எழுதுவது. முதுகுவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மதுரை ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரப்பனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். போன மாதம் போனில் பேசியபோது என்னப்பா தொண்டை இப்படிக் கட்டியிருக்கிறது, ஆவி பிடித்தீர்களா என்று இப்போதே பெரிய நர்ஸம்மா மாதிரி விசாரித்தாய், நான் பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. சளியெல்லாம் இல்லை ஆத்தா, கத்திக் கத்திக் கட்டிய தொண்டை அது. ஐம்பது வயதில் உன் அப்பா ஒரு ஷட்டில் மைதானத்தில் உட்கார்ந்து, நமக்கு உறவுமில்லாத ஊருமில்லாத ஒரு இந்தோனேசியப் பெண்ணுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதை உனக்கு விலாவாரியாக எழுதவேண்டும் என்றுதான் இன்றைக்கு வெள்ளிக்கிழமை துணி துவைப்பதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் அந்த விஷயம் சுற்றிச் சுற்றி உன்னிடம்தான் வருகிறது, உன்னையும் உன் அம்மாவையும் பிடித்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது.

எங்கள் தையல் கடைக்கு சுமியாத்தி என்று ஒரு அம்மா வருவார், ஜாவா தீவுக்காரர், பக்கத்தில் ஜுமேராவில் ஒரு அரபி வீட்டில் வேலை பார்க்கிறார். மேடத்தின் அபாயாவுக்கு, அந்தக் கறுப்பு அங்கிக்கு, கரை தைக்கக் கொண்டுவந்தால் கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார், மகள் வுலானைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லிவிட்டுத்தான் போவார். பாதி இந்தி, கொஞ்சம் அரபி, மீதி கைஜாடை, ஆனால் எனக்கு எல்லாம் புரியும், பெற்றவர்கள் பிள்ளையைப் பற்றிப் பேசினால் எந்தப் பாஷையிலும் புரிந்துவிடுகிறது. வுலான் ஏழு வயதில் துணிக் கொடியை நெட்டாக்கி ஷட்டில் ஆடியவளாம். அந்த ஊரில் நம் ஊர்க் கிரிக்கெட் மாதிரி தெருவுக்குத் தெரு ஷட்டில்தானாம். பதின்மூன்று வயதில் ஒரு பெரிய கிளப் அவளை ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டது, தகப்பன் இல்லாத பிள்ளை, அதே மாதம்தான் சுமியாத்தி அவளைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே விமானம் ஏறினார். பதினைந்தில் மாகாண ஜூனியர் சாம்பியன். பதினாறில் ஜகார்த்தாவில் தேசியப் பயிற்சி முகாமுக்கே கூப்பிட்டுவிட்டார்கள், அன்றைக்குச் சுமியாத்தி கடைக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் முழங்காலில் அடி, ஆறு மாதம் ஆடவில்லை, திரும்பி ஆடியபோது தோல்விமேல் தோல்வி, பதினேழு வயதில் முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வாரம் சுமியாத்தி கடைப்பக்கமே வரவில்லை, மேடத்தின் துணியை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார்.

இந்த வருஷம் கிளப்காரர்கள் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள், வருஷ முடிவுக்குள் வெளிநாட்டில் ஒரு போட்டியாவது ஜெயித்தால் இருக்கலாம், இல்லையென்றால் அவள் இடம் வேறொரு பெண்ணுக்கு என்று. வியட்நாமில் முதல் சுற்றிலேயே அவுட், மலேசியாவில் கால் இறுதியோடு சரி, கடைசியாக மிச்சம் இருந்தது நவம்பரில் துபாயில் நடந்த போட்டிதான். அதிலும் தோற்றால் என்ன செய்வாள் என்று கேட்டேன். சுமியாத்தி தன் கைப்பையிலிருந்து வுலானின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலை எடுத்துக் காட்டினார். ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்காம். மேடத்தின் தங்கை வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், தோற்றால் வுலானுக்கு அங்கேதான் விசா. அம்மா துடைக்கிற தரைக்குப் பக்கத்து வீட்டுத் தரையை மகள் துடைக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. உங்கள் மகளுக்கு நான் ஒரு சட்டை தைத்துத் தருகிறேன், அதைப் போட்டு ஆடட்டும், என் கை ராசியான கை என்று சொல்லிவிட்டேன். அளவு வேண்டுமே என்றதற்கு மறுநாளே அந்தப் பிள்ளையின் பழைய பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார், கிளம்பும்போது மகள் ஞாபகமாகப் பெட்டியில் போட்டு எடுத்துவந்ததாம், ஐந்து வருஷமாகத் தலையணை உறைக்குள் இருந்திருக்கிறது. எங்கள் கட்டிங் மாஸ்டர் கௌஸ் முகைதீன், ராமநாதபுரத்துக்காரர், அந்தச் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு முந்தின புள்ளையைக் கண்ணால் பார்க்காமல் வெட்டாதீக அண்ணே என்று சொன்னார். முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவனுக்கு நீ சொல்லித்தர வேண்டாம், நானும் நாலு வருஷமாக என் மகளுக்கு அவளைப் பார்க்காமல்தானே தைக்கிறேன், அளவுச் சட்டை இருந்தால் போதும், வயதுக்குத் தகுந்தபடி கூட்டிக்கொள்ளத் தெரியும், இன்றுவரை ஒரு துணி அளவு தப்பியதில்லை, கச்சிதம் என்று என் மகளே கடிதம் எழுதுகிறாள் என்று அவர் வாயை அடைத்தேன். நீ எழுதிய அந்தக் கடிதங்களைக்கூட எடுத்துக் காட்டினேன் ஜோதி. அவ்வளவு திமிர் உன் அப்பாவுக்கு.

பெருநாள் சீசன், கடையில் தலைக்குமேல் வேலை, அதற்கு நடுவில் சிவப்புத் துணியில் வெள்ளைக் கரை வைத்து மூன்று நாளில் தைத்து முடித்தேன், சுமியாத்தி அதை டிரைவரிடம் கொடுத்து மகள் தங்கியிருந்த இடத்துக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும்தான், இறுதி ஆட்டமும் வெள்ளிக்கிழமை. அதுவரை நடந்த ஆட்டமெல்லாம் வுலான் கிளப் சட்டை போட்டு ஆடி ஒவ்வொன்றாக ஜெயித்துக்கொண்டே வந்துவிட்டாள், அம்மா வந்து பார்க்கிற அன்றைக்குப் போடவேண்டும் என்று இந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாளாம். நானும் சுமியாத்தியும் போய் உட்கார்ந்தோம். உள்ளே வந்தவளைப் பார்த்ததும் என் அளவு தப்பிவிட்டது என்று தெரிந்துவிட்டது. சுமியாத்தி தன் தோள்வரை இருப்பாள் என்று கையால் காட்டியிருந்தார், வந்தவளோ அம்மாவைவிட ஒரு சாண் உயரம், ஆடி ஆடித் தோள் இரண்டும் விரிந்து கிடந்தது. சுமியாத்தி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். தன் மகளை அடையாளம் தெரிவதற்கு அவருக்கே கொஞ்ச நேரம் ஆனது என்று பிறகுதான் சொன்னார்.

எதிரே ஆடியது டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண், நெட்டைக் கொக்கு. முதல் ஆட்டத்தில் வுலான் 13-21 என்று தோற்றாள். கூட்டத்துக்கு என்னவென்று தெரியவில்லை, அவளுடைய பயிற்சியாளருக்கே தெரியவில்லை, பதற்றப்படாதே என்று அவர் கையால் அமர்த்திக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது. தலைக்குமேல் வருகிற இறகுப் பந்தை, காக் என்பார்கள், அதை அடிக்க அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் சட்டை பிடித்து இழுக்கிறது, கை பாதியில் நிற்கிறது, காக் போய் நெட்டில் விழுகிறது. எட்டு காக் அப்படி விழுந்ததை நான் எண்ணினேன். ஒரு பிள்ளையின் ஐந்து வருஷத்து உழைப்பை என் தையல் பிடித்துக்கொண்டு நின்றது ஆத்தா, அதைவிட எனக்கு வேறு அவமானம் வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு நடுவில் இரண்டே நிமிஷம் இடைவேளை. நம் ஊர்ப் பக்கத்துப் பாண்டித்துரை அங்கே கிளீனிங் டூட்டியில் இருந்தான், அவனைப் பிடித்துத் தடுப்பைத் தாண்டி ஓடினேன், சுமியாத்தி பின்னால் ஓடி வந்தார். சட்டையை மாற்று என்று சைகை காட்டினேன், பயிற்சியாளரும் புரிந்துகொண்டு பையிலிருந்து கிளப் சட்டையை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் முடியாது என்று தலையை ஆட்டினாள். அம்மாவைக் காட்டினாள், சட்டையைக் காட்டினாள், மறுபடி தலையை ஆட்டினாள். ஐந்து வருஷம் கழித்து அம்மா கொடுத்ததை அம்மா எதிரிலேயே கழற்றமாட்டாளாம். சுமியாத்தி அழுதுவிட்டார். எனக்கு யோசிக்க நேரமில்லை, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தேன், கையைத் தூக்கு என்றேன். இரண்டு பக்கமும் அக்குள் தையலை விலாவரை வெட்டிப் பிரித்துவிட்டேன். உள்ளே அவள் வெள்ளை பனியன் போட்டிருந்ததால் ஒரு சங்கடமும் இல்லை. நான் தைத்ததை நானே வெட்டி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவள் கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், கோர்ட்டுக்குள் போய்விட்டாள்.

அப்புறம் ஆடினாளே அதை எழுதுவதற்கு எனக்கு எழுத்துப் போதாது. இரண்டாவது ஆட்டம் 21-15. மூன்றாவதில் 14-18 என்று பின்தங்கினாள், அந்த நேரம் பார்த்து சுமியாத்தியின் மேடம் தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார், அந்தப் பிள்ளைகள் யல்லா வுலான் யல்லா என்று ஆரம்பித்தன, நானும் சேர்ந்துகொண்டேன், என் தொண்டை போனது அங்கேதான். ஒவ்வொன்றாக எடுத்து 19-19. அடுத்தது அவளுக்கு. கடைசிக் காக் உயரமாக வந்தது, கால் இரண்டும் தரையில் இல்லை, கை முழுசாக மேலே போனது, அடித்த அடியில் தோள் தையலும் சேர்ந்து பர்ரென்று கிழிந்தது எனக்கு உட்கார்ந்த இடத்தில் கேட்டது. டென்மார்க் பெண் அசையவேயில்லை. 21-19. பிய்ந்து தொங்குகிற சட்டையோடு அந்தப் பிள்ளை ஓடிவந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள். மேடம் அழுகிறார், பாண்டித்துரை துடைப்பத்தைத் தூக்கி ஆட்டுகிறான். போன வாரம்தான் செய்தி வந்தது, ஜகார்த்தா முகாமுக்கு அவளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏஜென்ட்டுக்கென்று வைத்திருந்த அந்த நாலு போட்டோவில் ஒன்றைச் சுமியாத்தி எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார், மற்ற மூன்றும் அரபி வீட்டுப் பிள்ளைகளிடம் இருக்கிறதாம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பரிசு வாங்கியபின் வுலான் தன் அம்மாவிடம் ஒரு உண்மையைச் சொன்னாள். இங்கிருந்து ஐந்து வருஷமாக அம்மா வாங்கி அனுப்பிய எந்தத் துணியும் அவளுக்குச் சேரவில்லையாம், சித்திதான் பிரித்து ஒட்டுப் போட்டுக் கொடுப்பாராம், அம்மா மனசு கஷ்டப்படும் என்று எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதினார்களாம். சுமியாத்தி அதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரூமுக்கு வந்து நீ அனுப்பிய நாலு வருஷத்துத் தீபாவளிப் போட்டோக்களையும் கட்டிலில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நாலிலும் நீ இரண்டு கையையும் உடம்போடு ஒட்டவைத்துப் போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக நிற்கிறாய். என் மகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த வருஷத்து ரோஸ் கலர் சுடிதார் போட்டோவை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடது கைக்கு அடியில் கொஞ்சம் மங்கலான ரோஸில் ஒரு பட்டை தெரிகிறது. அது உன் அம்மாவின் தையல், எனக்குத் தெரியாதா, நூலை எப்போதும் இறுக்கிப் பிடிப்பாள். ஏன் ஆத்தா என்னிடம் சொல்லவில்லை? கோபித்துக்கொள்வேன் என்றா? கோபமில்லை, கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், கௌஸ் டீ போட்டுக் கொடுத்தார், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பத்தாவது படித்த பிள்ளைக்கே நான் இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறேன், நர்ஸிங் படிக்கிற பெண்ணை எனக்குத் தெரியவில்லை. பழைய கடை மூடி, புது விசா எடுத்து, ஒரு வருஷம் போகட்டும் இன்னொரு வருஷம் போகட்டும் என்று நானே தள்ளிப்போட்டதுதான் எல்லாம்.

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன், பெருநாள் வேலை முடித்துத் தருகிறேன், அதற்குமேல் ஒரு நாளும் முடியாது, கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் லீவு கிடைத்துவிட்டது. ஜனவரி பத்தாம் தேதி சனிக்கிழமை திருச்சியில் இறங்குகிறேன், பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே போன் செய்து சொல், ஒட்டுப் போட்டதெல்லாம் பிடிபட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல். பரீட்சைக்கு முழித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வார்டு டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. பிள்ளையாரப்பன் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல படிப்பும் கொடுக்கட்டும், நீ கை வைத்த நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. இந்தப் பொங்கலுக்கு நான் உனக்கு எதுவும் தைக்கவில்லை, நல்ல மாம்பழக் கலரில் துணி எடுத்து வெட்டாமல் கொண்டுவருகிறேன், டேப்பும் கொண்டுவருகிறேன். பழைய அளவு எதுவும் எனக்குச் சொல்லாதே. வாசலிலேயே வந்து நில், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்காமல் இரண்டு கையையும் நன்றாக மேலே தூக்கிக்கொண்டு நில்.

இப்படிக்கு,
அளவு தெரியாத உன் அப்பா
வைரவன்