ஏட்டில் இரண்டு பேர்

லேண்டர், வயோமிங்
9 ஆகஸ்ட் 1994

அன்புள்ள கொரின்,

நலம். நீயும் உன் அக்காவும் சுகம்தானே? தக்காளி இந்த வருடம் காய்த்துக் குலுங்குகிறது. பறிக்கத் தோன்றவில்லை. சாப்பிடுகிறேன், தட்டைக் கழுவுகிறேன், படுக்கிறேன். துக்கம்கூடத் தெரியவில்லை. நெஞ்சு மரத்துக் கிடக்கிறது.

நம் மகள் பிரிட்டா போய் நாளை மறுநாளோடு ஒரு வருடம். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று நாங்கள் இருவரும் மலை ஏறினோம்; மேலே ஏரிக்கு ஒரு மைல் இருக்கும்போது என் முட்டி மக்கர் பண்ணியது. "நீ மெதுவா இறங்குப்பா. நான் தண்ணியில கால நனைச்சிட்டு உன் பின்னாடியே ஓடி வந்துடறேன்" என்றாள். நான் அடிவாரத்துக்கு இறங்கும்வரை அவள் வந்து சேரவில்லை. பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்து, பாதை வாசலில், மலை ஏறுகிறவர்கள் போகும்போதும் திரும்பும்போதும் பெயர் எழுதும் ஏட்டில் எப்போதும்போல 'இரண்டு பேரும் திரும்பினோம்' என்று கையெழுத்துப் போட்டேன். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் தன் காரில் நேராக லாரமிக்கு வேலைக்குப் போகவேண்டியவள். அதனால் மூன்று நாள் யாரும் தேடவில்லை.

லைல்

பில்லிங்ஸ்
15 ஆகஸ்ட்

லைல்,

ஏட்டு விஷயம் எனக்குத் தெரியும். அடக்கத்தன்றே வனக்காவலர் அந்தப் பக்கத்தைக் காட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கால் ஒடிந்து அவள் ஒரு நாளாவது உயிரோடு கிடந்திருப்பாள் என்றும் சொன்னார். நீயாகச் சொல்வாய் என்று இரண்டு மாதம் காத்திருந்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் பெட்டியைக் கட்டினேன்.

இருபத்தாறு வருடமாக அந்த ஏட்டில் எனக்கும் சேர்த்து நீதானே கையெழுத்துப் போட்டாய்? நானும் விட்டேன். அந்தத் தப்பை என்னால் பொறுக்க முடியும். வாயைத் திறக்காமல் தட்டைக் கழுவிக்கொண்டு நின்றாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மன்னிப்பு வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

தக்காளியை அழுகவிடாதே.

கொரின்

லேண்டர்
19 ஆகஸ்ட்

அன்புள்ள கொரின்,

பறித்துவிட்டேன். பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

27ஆம் தேதி சனிக்கிழமை ஏரிக்குப் போகிறேன். காலை ஆறு மணிக்கு ஏறினால்தான் மத்தியான இடிக்கு முன்னால் இறங்க முடியும். உன்னை வரச் சொல்லவில்லை. தெரிவித்து வைக்கிறேன்.

லைல்

பில்லிங்ஸ்
23 ஆகஸ்ட்

லைல்,

வருகிறேன். என் காரில் வருகிறேன். பழைய பூட்ஸ் இன்னும் காலுக்குச் சரியாக இருக்கிறது. வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே.

ஏட்டில் என் பெயரை நீ எழுதாதே. ஏறும்போதும் இறங்கிய பிறகும் நானே எழுதுவேன்.

உன் முட்டி தகராறு செய்தால், நீ முன்னால் இறங்கு. ஆனால் நான் வந்து கையெழுத்துப் போடும்வரை காரை எடுக்காதே.

கொரின்