சூரனின் காலைத் தேவாரம்

தோர்ண்டன் ஹீத்
9 செப்டெம்பர் 2024

அன்புள்ள பிள்ளை கோசிகாவுக்கு,

நீர் சுகமாக அபர்டீன் போய்ச் சேர்ந்திருப்பீர் என்று நம்புகிறேன். இங்கே நானும் சூரனும் இதுவரை ஒருவரையொருவர் கடிக்கவில்லை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் காதுக்கருவி கீச்சிடுகிறது. அதைவிட, “எல்லாம் சரியோ மாமா?” என்று நீர் கேட்டால் “ஓம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால்தான் எனக்கு உண்மை வருகிறது.

உண்மை இதுதான்: எனக்குப் பயமாக இருக்கிறது. மகன் ரதீசன் உயிரோடு இருந்த காலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சூரனைத் தோட்டத்தில் விடச்சொல்லி, கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன். இப்போது கதவு இல்லை. அந்த மஞ்சள் கண்கள் எதையும் கேட்பதில்லை, சும்மா பார்க்கின்றன. நான் எழும்பினால் அவனும் எழும்பி மூலைக்குப் போகிறான். அவனுக்கும் பயமோ தெரியாது. நேற்று என் குடையை விரித்தேன். பாட்டன் பூட்டன் ஓநாயாக இருந்த நாய், சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டது.

இறைச்சிதான் சோதனை. நாற்பது வருட மரக்கறிக்காரன் நான். இரண்டு கையுறை போட்டுக் கோழித்துண்டை வைத்துவிட்டு உடனே குளிக்கிறேன். வெள்ளிக்கிழமை மனம் வரவில்லை. சோறும் பருப்பும் வைத்தேன். அவன் கிண்ணத்தைக் கவ்விக்கொண்டுவந்து, தட்டாமல் கொட்டாமல், என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

சூரனைக் கொடுப்பதா என்று கென்ட்டில் உள்ள காப்பகத்துக்கு முடிவு சொல்ல நீர் கேட்ட தவணை ஒக்டோபர் நடுப்பகுதி என்றீர். அதுவரை எப்படியும் சமாளிப்பேன். நீர் யோசியாதேயும்.

அன்புடன்,
மாமா


அபர்டீன்
17 செப்டெம்பர் 2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் வைத்துப் படித்துச் சிரித்ததில், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் அவித்த முட்டை வையுங்கள். அதுவும் ஏலாது என்றால் பரவாயில்லை, ஒருநாள் பட்டினி கிடந்தால் சூரனுக்கு ஒன்றும் ஆகாது.

உங்களுக்குச் சிரமம் தருகிறேன் என்பது தெரியும். மூன்று மாத ஒப்பந்தத்துக்கு அவனை இங்கே கொண்டுவர முடியவில்லை. வாடகை வீட்டுக்காரர் பூனைக்கே யோசிக்கிறார். தனியே விட்டால் கதவைத் தின்றுவிடுவான். அவனுக்கு ஆள் வேண்டும், ஆனால் எல்லா ஆளும் ஆகாது. அதனால்தான் காப்பகத்தைப் பற்றி யோசித்தேன். நீங்கள் கோபிக்கவில்லைத்தானே? அவன் ரதீசனுடைய பிள்ளைபோல.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் ஹீட்டர் பழுதாகிப்போய், மேல்மாடியில் இருக்கும் சஞ்சய் என்பவர் வந்து திருத்தித்தந்தார். கோயம்புத்தூர்க்காரர், எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர். ஐந்து வயது மகள் ஓவியாவுடன் தனியாக இருக்கிறார். “ஆமாங்க, ஆமாங்க” என்று அவர் பேசுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பு; நான் “ஓம்” என்றால் ஓவியாவுக்குச் சிரிப்பு. “அக்கா சாமி கும்பிடறாங்களாப்பா?” என்று கேட்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
கோசிகா


தோர்ண்டன் ஹீத்
30 செப்டெம்பர் 2024

அன்புள்ள பிள்ளை,

முதலில் ஒரு கேள்வி. உமக்கு உடம்பு சுகம்தானே? காய்ச்சல், தலைச்சுற்று எதுவும் இல்லையே? வீதியைக் கடக்கும்போது கவனமாகக் கடக்கிறீரா?

சூரனுடன் இப்போது தினமும் நடக்கிறேன். கடைத்தெருவில் எல்லாரும் மறிக்கிறார்கள். மரக்கறிக் கடைக்காரத் தம்பி கேட்டான்: “அண்ணை, இது நாயோ, நரியோ?”

“கொஞ்சம் ஓநாய்” என்றேன்.

“கடிக்குமோ?”

“எனக்கும் தெரியாது தம்பி.”

“நல்ல ஆளிட்டைத்தான் கேட்டன்!” என்று சொல்லி, அவன் முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றான். சூரன் என் காலுக்குப் பின்னால் நின்றான். இருவருக்கும் நடுவில் நான். பிறகு ஒருநாள் எங்கள் வேலிமேல் உண்மையான நரி ஒன்று, லண்டன் நரிதான், வந்து உட்கார்ந்தது. சூரன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நானே கைதட்டித் துரத்தினேன். வாழ்க்கையில் நான் துரத்திய முதல் பிராணி அது.

இனி, எழுதத் தயங்கிய விஷயம். சூரன் காலையில் ஊளையிடுகிறான். குரைப்பல்ல. தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, நீளமாக. அடுத்த வீட்டு அருமைநாயகி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

“யோகலிங்கம், இதென்ன காலங்காத்தால ஊளை? ஆருக்கோ சரியில்லை போல. உம்மட மருமகள் தூரதேசத்தில எல்லே இருக்கிறா? உந்த நாயைக் கெதியாக் கொண்டுபோய்க் குடுத்துவிடும்.”

நான் கணிதம் படித்தவன். நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்பதை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் இதுவரை வாய்க்குள் முணுமுணுத்த தேவாரத்தை, உமக்கு ஒன்றும் வரக்கூடாதென்று சாமியறையில் வாய்விட்டுப் பாடத் தொடங்கினேன். ஊளை கூடுகிறது. நான் இன்னொரு பதிகம் சேர்க்கிறேன். அவனும் சேர்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் உம்முடைய பெயரில் அர்ச்சனையும் செய்தேன்.

உடனே இரண்டு வரி எழுதும்.

கவலையுடன்,
மாமா


அபர்டீன்
8 ஒக்டோபர் 2024

அன்புள்ள மாமா,

நான் கல்லுப்போல இருக்கிறேன். சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் பாடுவதால்தான் அவன் ஊளையிடுகிறான்!

ஓநாய்கள் ஒன்று குரல் எடுத்தால் அதன் கூட்டமே சேர்ந்துகொள்ளும். ரதீசன் குளித்துக்கொண்டு பாடும்போது சூரன் குளியலறை வாசலில் இருந்து சேர்ந்து பாடுவான். நீங்கள் முணுமுணுத்ததும் அவனுக்குக் கேட்டிருக்கும்; அவனுடைய காது அப்படி. நீங்கள் பயந்து சத்தம் கூட்ட, மாமா பலமாகக் கூப்பிடுகிறார் என்று அவனும் கூட்டியிருக்கிறான்.

ஒன்று சொல்லட்டுமா? என்னோடு அவன் ஒருநாளும் ஊளையிட்டதில்லை. ரதீசன் போன பிறகு நான் குளியலறையில் நின்று பாடிப் பார்த்தேன். வாசலுக்கு வந்தான், கேட்டுக்கொண்டு படுத்தான், அவ்வளவுதான். அவனுக்கு என்னில் அன்பு இருந்தது. ஆனால் அது வேறு.

காப்பகத்துக்கு “சரி” என்று சொல்லிவிட்டேன், மாமா. பதினைந்தாம் திகதி ஒரு பெண் உங்களிடம் வருவார். இங்கே ஒப்பந்தத்தை நீட்டித் தருகிறார்கள். ஓவியாவுக்கு நாய் என்றால் பயம், தூரத்தில் கண்டாலே அழுவாள், அதனால் சூரனை இங்கே

அந்த வசனத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. மன்னியுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

கோசிகா


தோர்ண்டன் ஹீத்
16 ஒக்டோபர் 2024

அன்புள்ள பிள்ளை,

நேற்று அந்தப் பெண் வந்தார். நல்லவர். சூரனின் பின்னால் போகாமல் நிலத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். சூரன் என் கதிரைக்கு அடியில் புகுந்துகொண்டான். கதிரை மேலே எழும்பியது, அதில் இருந்த நானும் எழும்பினேன். அவரிடம் சொல்ல ஆங்கிலத்தில் நீளமான விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அத்தனையும் மறந்துபோய், பிஸ்கட்டை மறுப்பதுபோல, “வேண்டாம், நன்றி” என்று மட்டும் சொன்னேன். சூரன் என்னிடமே இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவரே விளக்கிவிட்டு, வேலியை உயர்த்தச் சொல்லிப் போனார். உம்மைக் கேளாமல் முடிவெடுத்தது பிழையென்றால் எழுதும். ஆனால் அவனைத் தரமாட்டேன்.

இரண்டாவது விஷயம். இதைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். நான் தவறாக விளங்கிக்கொண்டிருந்தால் இந்தப் பந்தியைப் படியாததுபோல விட்டுவிடும்.

ஓவியா பயப்படுவதால் சூரன் வர முடியாத வீடு, உமது வாடகை வீடு அல்ல. நீர் வாழ யோசிக்கிற வீடு. ஹீட்டரைத் திருத்தியவர் நல்லவரா? நல்லவரென்றால், முடிக்காமல் விட்ட வசனத்தை எனக்காக விட்டுவைக்க வேண்டாம். நீர் போனால் எனக்கு ஒருவருமில்லை என்ற பயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது என்னுடைய பயம். அதற்கு இரை போடுவது உமது வேலையல்ல.

அன்புடன்,
மாமா


அபர்டீன்
23 ஒக்டோபர் 2024

மாமா,

ஓம். நல்லவர்.

உங்களுக்குச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றிருந்தேன். சொல்லவும் துணிவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் “மாமாவின்ர முகத்தில எப்பிடியடி முழிப்பாய்?” என்று கேட்டுவிட்டு அழுதார். உங்கள் கடிதத்தை அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக்காட்டினேன். மறுபடி அழுதார், இந்த முறை வேறு அழுகை.

சஞ்சய்க்கும் “ஓம்” சொல்லிவிட்டேன். ஜனவரி 18 கல்யாணப் பதிவு. கோயில், மண்டபம் ஒன்றும் இல்லை. வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் எங்கே இருந்தாலும் உங்களை என்னவென்று கூப்பிடுவேன் என்று யோசித்தேன். மாமா என்றுதான்.

கோசிகா


தோர்ண்டன் ஹீத்
28 ஒக்டோபர் 2024

அன்புள்ள பிள்ளை கோசிகாவுக்கு,

மிக்க சந்தோஷம். இரண்டு முறை வாசித்தேன், பிறகு ரதீசனின் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவன் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டான்.

பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று அறிகிறேன். ஓர் இடம் இன்னும் காலியாக இருந்தால் நான் கையெழுத்து வைக்கலாமா? முதல் மாமனார் அங்கே நிற்பது சஞ்சய்க்குச் சங்கடமென்றால், ஓவியாவுக்குத் துணையாகப் பின்வரிசையில் இருக்கிறேன். அதுவும் எனக்குப் போதும். சூரனைப் பார்த்துக்கொள்ள அருமைநாயகி அக்காவிடம் கேட்டுவிட்டேன். “ரெண்டு நாளைக்கு நான் கோழி போடுறன். ஆனா பாடச் சொல்லக்கூடாது” என்றார்.

கோட்டு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, உமக்கும் ரதீசனுக்கும் கல்யாணம் நடந்தபோது தைத்தது. இன்னும் அளவாகத்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வரலாமா, அல்லது புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா என்பதை நீர்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உமது மாமா
யோகலிங்கம்