உடன் ஒருவர் இருக்க வேண்டும்

அண்ணா,

காலையிலிருந்து என் மூக்கை விட்டுப் போகவில்லை, புதுப் பெயிண்ட் வாசனை. நம் பகுதியில் பகல் பராமரிப்பு மையம் திறந்துவிட்டார்கள். நீங்கள் அலைந்து அலைந்து கேட்ட அதே மையம்தான். மறதி நோய் வந்தவர்களையும் தலையில் அடிபட்டுப் புத்தி தடுமாறியவர்களையும் பகலில் அங்கே விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நாம் கேட்டோமே, அது. அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். ரிப்பன், மேடை, மைக், எல்லாம் இருந்தது. நீங்கள்தான் இல்லை.

உங்களை முதன்முதலில் பார்த்தது ஒரு ஆஸ்பத்திரி வாசலில்தான். அம்மாவோடு ஆட்டோவுக்குக் காத்து நின்றேன். உங்கள் வண்டியின் பின்சீட்டில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஆள் இருக்காங்களே" என்றேன்.

"என் தம்பிங்க. சாரத்துலருந்து உழுந்து தலைல அடிங்க. ஊட்ல உட்டுட்டு வர ஆளில்லீங்க. ஒண்ணும் பண்ண மாட்டான், ஏறுங்க."

ஹனூரிலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்த அண்ணன் தம்பி நீங்கள். அவர் விழுந்த பிறகு நீங்களும் சாரம் ஏறுவதை விட்டுவிட்டு ஆட்டோ வாங்கினீர்கள், அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பிழைக்கலாம் என்று. ஆனால் பின்சீட்டில் அவரைப் பார்த்ததும் பாதிப் பேர் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். கண்ணாடியைத் திருப்பி வைத்துத் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொள்வீர்கள்.

யோசனை உங்களுடையதுதான். மதியங்களில் தம்பி என் வீட்டில் இருப்பார், நீங்கள் சவாரி போவீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு உட்காருவீர்கள், நான் வெளியே போய் வருவேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூட வேலையை விட்டபின் எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு அது. அந்த ஓய்வில் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? பல மாதமாகக் குடைந்துகொண்டிருந்த பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வீங்கிய கன்னத்தோடு திரும்பியபோது அம்மா உங்களிடம் "யாரு நீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையாவது தடவையோ. "ஆட்டோக்காரனுங்க. ஸ்டேசனுக்குப் போலாம்ங்களா?" என்றீர்கள். ரயில்வேக்காரரின் மனைவியல்லவா, "வேண்டாம்ப்பா, வண்டி போயிடுச்சு" என்றாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்குத்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

இந்த மையம் வேண்டும் என்று கேட்க, குறை கேட்கும் கூட்டத்துக்கு அம்மா, தம்பி இருவரையும் கூட்டிக்கொண்டே போனோம். வேறெங்கே விட்டுவிட்டுப் போவது? அங்கிருந்த அதிகாரி நம் நால்வரையும் பார்த்து, "மனெயவரே நோட்கோபேக்கு அல்வா?" என்றார். வீட்டார்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். நீங்கள் கோபப்படவில்லை. "ஊட்ல நா ஒருத்தந்தானுங்க சார். நா படுத்துட்டா அவன ஆரு பாக்கறது?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டீர்கள். நான் கன்னடத்தில் திருப்பிச் சொன்னேன். நிதி வந்தால் பார்க்கலாம் என்றார். அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதையேதான் சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். தம்பிக்கு வார்டில் இடமில்லை என்றார்கள். வெளியே நிறுத்தியதும் அவர் உங்களைக் காணாமல் கத்தினார். கத்துகிற ஆளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். எனக்குப் போன் செய்தீர்கள். "இங்கே கொண்டு வந்து விடுங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"ராவுல என்னய உட்டு இருக்க மாட்டானுங்க டீச்சரம்மா. மாத்திர குடுத்திருக்காங்க. வலி அடங்கிரும்." சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

மறுநாள் நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது தம்பிதான் கதவைத் திறந்தார். உதட்டில் விரலை வைத்து, "அண்ணன் தூங்குது" என்றார். சத்தம் போடாமல் உள்ளே வரச் சொன்னார்.

இப்போது அவர் ஹனூரில், உங்கள் சித்தப்பா மகன் வீட்டில் இருக்கிறார். வயல் வேலைக்குப் போகும் நேரத்தில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. "நானும் எத்தன நாளைக்குத்தானுங்க்கா? ஒரு கல்யாணங் காச்சிக்குப் போக முடியலீங்க" என்று போனில் அழுகிறாள். உங்கள் குரல் மாதிரியே இருக்கிறது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மையத்தின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். நோயாளியோடு வீட்டார் ஒருவர் நேரம் முடியும்வரை உடன் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. விசாரித்தேன். நிதி கட்டடத்துக்கு வந்ததாம், ஆள் போடுவதற்கு வரவில்லையாம். நல்ல கட்டடம் அண்ணா. வழுவழுவென்று டைல்ஸ், சுவரில் டிவி. பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவரும் இல்லை.

பராமரிப்பவர்கள் சார்பில் நன்றி சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவைத் தனியே விட முடியாமல் அவளையும் இழுத்துக்கொண்டு ஏறினேன். "நான் கூடவே உட்கார்ந்திருக்கணும்னா எங்க வீட்டிலேயே உட்காருவேனே, இது எதுக்கு?" என்று மைக்கில் கேட்டேன். கீழே யாரோ கைதட்டினார்கள், நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு. ஒருவர் மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள்.

இறங்கும்போது புதிதாக வந்த ஒரு அலுவலர் உங்களைப் பற்றி விசாரித்தார். பழைய மனுக்களில் உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறார் போல. "அவருக்கு என்ன ஆச்சு?" என்றார். எல்லாரும் மாரடைப்பு என்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை.

"பார்த்துக்க ஆளில்லாம செத்துட்டார்" என்றேன்.

"தம்பியா?" என்றார்.

"இல்ல சார். அவர்தான்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆகட்டும். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், இனிமேலும் இதைத்தான் சொல்வேன்.