மாலை போட்ட புல்வெட்டி

ஈப்போ,
12 அக்டோபர் 2025

தேவனுக்கு,

அன்புள்ள மைத்துனனுக்கு என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. போனில் திட்டலாம் என்றால், பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார் என்று நர்ஸ் வந்து அதட்டுகிறாள். ஆகவே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காகிதத்தில் திட்டுகிறேன்.

என் இடது பாதம் போய்விட்டது. முன்னூறு கிலோ புல்வெட்டி மெஷின் விழுந்தால் வேறென்ன மிஞ்சும்? டிராக்டரில் மாட்டுகிற சாமானை எப்படிக் கழற்றி வைப்பது என்று உனக்கு எத்தனை வருடமாகச் சொல்கிறேன்? மேடுபள்ளம் இல்லாத தரையில் நிறுத்து, சாமானைத் தரைக்கு இறக்கு, எஞ்சினை அணை, சாவியைப் பைக்குள் போடு. அப்புறம்தான் இணைப்பு ஆணியைத் தொடு. அடியில் பலகை கொடுத்துப் படுக்க வை. படுத்திருப்பது விழாது. இதில் எது உன் மண்டையில் ஏறவில்லை?

நீயோ ஆயுத பூஜைக்கு அதைச் செங்குத்தாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாய். மறுநாள் காலை நான் பக்கத்தில் போனேன், அது சரிந்தது. உன் அக்காவிடமும் தோட்டத்து மேனேஜரிடமும் இதைத்தான் சொன்னேன். உன்னை இனி டிராக்டரில் ஏற்றமாட்டேன் என்றார் மேனேஜர். சரிதான் என்றேன். தீபாவளிக்கு என் வாசலை மிதிக்காதே.

சன்னாசி


சித்தியவான்,
21 அக்டோபர் 2025

மாமாவுக்கு வணக்கம்.

நீங்கள் மிதிக்காதே என்று எழுதியும் நேற்று தெலுக் இந்தானில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கூடப் பிறந்தவளைத் தீபாவளியன்று பார்க்காமல் இருந்து பழக்கமில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாக நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனில் என் நம்பரையும் இருவரும் பிளாக் பண்ணிவிட்டதால் எழுதுகிறேன்.

புல்வெட்டியைத் தூக்கி நிறுத்தியது நான்தான். நிறுத்தச் சொன்னது யார்? வழக்கம்போல் பலகை மேல் படுக்க வைத்துத்தான் கழுவினேன். "மண்ணுல கெடக்குறதுக்கா பொட்டு வைப்பாங்க? மாலை தரையில படக்கூடாது, தூக்கி நிறுத்துடா" என்றது நீங்கள். வேண்டாம் மாமா, விழும் என்றேன். ஒரு நாள்தானே என்றீர்கள். மனசு கேட்காமல்தான் இரும்புச் சங்கிலியால் தூணோடு இறுக்கிக் கட்டினேன். சாயங்காலமே இறக்கிவிடலாம் என்று கேட்டதற்கு, மறுநாள் சூடம் காட்டும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று சத்தம் போட்டதும் நீங்கள்தான்.

சங்கிலி கட்டியிருந்தவரை அது அசையவில்லை. உங்கள் கூப்பாடு கேட்டு ஓடிவந்தபோது அந்தச் சங்கிலி டிராக்டர் சீட்டில் சுருட்டிக் கிடந்தது. அது தானாக நடந்து போய் சீட்டில் ஏறி உட்கார்ந்ததா? செம்பனைக் குலை ஏற்றும் லாரி அன்று காலை சேற்றில் மாட்டிக்கொண்டது, இழுக்கச் சங்கிலி வேண்டும் என்று அவசரப்பட்டிருப்பீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள்.

கால் போனதற்கு அழுதேன் மாமா, பொய்யில்லை. ஆனால் அக்கா புருஷனை முடமாக்கியவன் என்ற பெயரோடு நான் சாகும்வரை நடக்கவேண்டுமா? இங்கேயும் இரண்டு தோட்டத்தில் வேலை கேட்டேன், உங்கள் மேனேஜர் பேச்சு எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஊருக்குச் சொல்லவேண்டாம். அக்காவிடம் சொல்லுங்கள், அது போதும்.

தேவன்


தெலுக் இந்தான்,
27 அக்டோபர் 2025

அன்புள்ள தேவனுக்கு,

எழுத்து குண்டுகுண்டாக இருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்ல, உன் அக்கா எழுதுகிறாள். உன் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் நாலு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நேருக்கு நேர் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் காப்பி கேட்டேன். அதனால்தான் இன்று, கை நடுங்குகிறது, தம்பிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு என்று பேனாவை நீட்டினேன். திட்டத்தானே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். நிறுத்தச் சொன்னவன் நான். தொடக்கூடாது என்றவனும் நான். லாரியை இழுக்கச் சங்கிலியைக் கழற்றியதும்

இதற்கு மேல் என் கையெழுத்து. அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கழற்றியது நான். சங்கிலியைச் சீட்டில் போட்டுவிட்டு, அதிலிருந்து கழன்று கீழே விழுந்த கொக்கியை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். முப்பது வருடம் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் புத்தி கெட்டுப்போய் காலை இழந்தான் என்று நாலு பேர் சிரிப்பார்களே என்று உன்னைக் காட்டிக் கொடுத்தேன். கோழைப் பயல் நான். மேனேஜரிடம் இப்போதுதான் போன் செய்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

உன் அக்கா அழவில்லை. "இருவத்தஞ்சு நாளா என் தம்பிய என் வாயாலயே திட்ட வச்சீங்க. அவன் மொகத்துல கதவச் சாத்துனேன், நீங்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க" என்றாள். அப்புறம் பெட்டியில் நாலு சேலையை வைத்தாள். உன்னைக் கூட்டிவரப் போகிறாள் என்று நினைத்து, அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்றேன். "கூட்டிட்டு வரப் போகல. அவன்கூட இருக்கப் போறேன்" என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்கிற தகுதி எனக்கில்லை. இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், வாங்கிக்கொண்டாள். காலையில் சாப்பிட்டதும் ஒரு பிரஷர் மாத்திரை போடவேண்டும், கோபத்தில் மறந்துவிடுவாள். நீ கொஞ்சம் பார்த்துக்கொள்.

சன்னாசி